ஆடிக் காத்து யாருடைய சொத்து? ராசிங்காபுரத்திலிருந்து ஒரு கேள்வி



ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொல்லுவாங்க. ராசிங்காபுரம், சிலமலை, தேவாரம் பக்கத்து சனங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வைகாசி பிறந்தா மலையிலிருந்து இறங்குற காத்து புரட்டாசி வரைக்கும் ஓயாது. தகரக் கூரையைத் தூக்கும், குலை தள்ளின வாழையைச் சாய்க்கும், கண்ணுல மண்ணை அள்ளிப் போடும். இத்தனை நாள் அது நமக்குத் தொல்லை மட்டும்தான்.

இன்னிக்கு அதே காத்துக்கு யூனிட் கணக்கில் விலை இருக்கு.

தமிழ்நாட்டுக்குள் மேற்குத் தொடர்ச்சி மலை வழியா காத்து புகுந்து வர நாலு வாசல். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, நாலாவது நம்ம கம்பம் கணவாய். காமாட்சிபுரம், ஓடைப்பட்டி, ஆண்டிபட்டி பக்கம் பஸ்ஸில் போனவங்க எல்லாம் அந்தக் காத்தாடிகளைப் பார்த்திருப்பீங்க. 1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் ஆரம்பிச்ச கதை, இப்போ மாநிலம் முழுக்க 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிக்குது. பல வருஷம் இந்தியாவிலேயே நாமதான் முதலிடம். இப்போ குஜராத் முந்திடுச்சு.

பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனா ஒரு கேள்வி.

அந்த 10,000 மெகாவாட்டில் நம்ம மின்வாரியத்துக்குச் சொந்தமான காத்தாடி எவ்வளவு தெரியுமா?

சுமார் 17 மெகாவாட்.

திரும்பவும் படிங்க. பத்தாயிரம் இல்லை, ஆயிரம் இல்லை, நூறு கூட இல்லை. பதினேழு. மீதி எல்லாம் தனியார் கையில்.

🔴 பாடப்புத்தகம் சொன்னதும் சொல்லாததும்

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் இரண்டு பட்டியல் படிச்சிருப்போம். நிலக்கரி, பெட்ரோல், இயற்கை எரிவாயு, யுரேனியம் எல்லாம் புதுப்பிக்க முடியாதது, தீர்ந்தா போச்சு. சூரியன், காத்து, தண்ணி, மரம் எல்லாம் புதுப்பிக்கத்தக்கது, எடுக்க எடுக்க வரும். ரெண்டு மார்க் கேள்வி. அதோட முடிஞ்சது.

அந்தப் பட்டியலில் இரண்டு விஷயம் விட்டுப்போச்சு.

ஒண்ணு, வேகம். 'புதுப்பிக்கத்தக்கது' என்பது எப்பவும் மாறாத குணம் இல்லை, அது ஒரு வரவு செலவுக் கணக்கு. நிலத்தடி நீர் புதுப்பிக்கத்தக்கதுதான், ஆனா மழை உள்ளே இறக்குறதை விட போர் மோட்டார் வெளியே இழுக்கிறது அதிகமானா, அது நிலக்கரி மாதிரிதான் தீரும். நம்ம சம்சாரிகள் கிணத்துக்குள்ளேயே போர் போட்டு, அதுவும் வத்தி, பக்கத்தில் இன்னொண்ணு போடுறாங்க. இந்தக் கணக்கு அவங்களுக்கு நம்மைவிட நல்லாவே தெரியும்.

மரமும் அப்படித்தான். மேலே மலையில் ஏலக்காய் ஸ்டோர்களில் பச்சைக்காயை உலர்த்த விறகு எரியுது. அஞ்சு கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். விறகு வளரும் வேகத்துக்கு வெட்டினா அது புதுப்பிக்கத்தக்கது. அதை மீறி நிழல் மரத்துல கை வச்சா, அந்த ஏலச்செடியே நிக்காது. 2024 கோடை வறட்சியில் இடுக்கி ஏலத்தோட்டங்கள் கருகினதை, விடிகாலையில் ஜீப் ஏறி போடிமெட்டு தாண்டிப் போய் வேலை செய்யும் நம்ம அக்காமாருங்க கண்ணால் பார்த்தாங்க. செடி கருகினா முதலாளிக்கு நட்டம். அவங்களுக்கு அன்னிக்கு வேலையே கிடையாது.

இரண்டாவது, சொந்தம். இந்த வளம் யாருடையது, அதில் வரும் பணம் யாருக்குப் போகுது? இந்தக் கேள்வி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. நாம இன்னிக்குப் பேச வந்ததே இதைத்தான்.

🔴 நிலக்கரிக்கு ராயல்டி. தண்ணிக்குப் பங்கு. காத்துக்கு?

மூணு உதாரணம் சொல்றோம். நிதானமா படிங்க.

1) நிலக்கரி. நிலத்தைத் தோண்டி எடுக்கிறவன் மாநில அரசுக்கு ராயல்டி கட்டணும், விலையில் 14 சதவீதம். அது போக 2015-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளைன்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. பழைய குத்தகையா இருந்தா ராயல்டியில் 30 சதவீதம், புதுசுன்னா 10 சதவீதம், பாதிக்கப்பட்ட பகுதி மக்களுக்காகச் செலவழிக்கணும். அது ஒழுங்கா போய்ச் சேருதாங்கிறது தனிப் பஞ்சாயத்து. ஆனா சட்டத்தில் எழுதி இருக்கு.

2) புனல் மின்சாரம். பெரிய அணை கட்டி ஒன்றிய அரசு நிறுவனம் மின்சாரம் எடுத்தா, ஆறு ஓடும் மாநிலத்துக்கு 12 சதவீதம் மின்சாரம் இலவசமா கொடுக்கணும். 2008 நீர்மின் கொள்கை அதுக்கு மேல இன்னொரு 1 சதவீதத்தை உள்ளூர் வளர்ச்சிக்குன்னு சேர்த்தது.

3) நம்ம முல்லைப் பெரியாறு. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடிச்ச அணை. அந்தத் தண்ணிதான் மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர்கேம்ப்பில் நாலு எந்திரத்தைச் சுத்துது. சுத்தி முடிச்ச அதே தண்ணி கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வெள்ளாமைக்குப் போகுது, அப்புறம் வைகை அணைக்குப் போய் மதுரைக்குக் குடிதண்ணி ஆகுது. ஒரே தண்ணி, மூணு வேலை. உண்மையான புதுப்பிக்கத்தக்க ஆற்றல்னா இதுதான்.

இப்போ முக்கியமான சேதி. 1970-ல் கேரளாவோட போட்ட ஒப்பந்தத்தில் அணைப் பகுதி நிலத்துக்குக் குத்தகையை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயா உயர்த்தினாங்க. அதுமட்டும் இல்லை, அந்தத் தண்ணியில் எடுக்கும் மின்சாரத்துக்கும் தமிழ்நாடு கேரளாவுக்குப் பணம் கட்டுது. தண்ணி அவங்க நிலத்தில் தேங்குது, அதனால் அதில் வரும் மின்சாரத்தில் அவங்களுக்கு ஒரு பங்கு. இந்த நியாயத்தை நம்ம அரசு ஏத்துக்கிட்டு அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு.

கேரளாவுக்கு ஒரு நியாயம் என்றால், ஓடைப்பட்டிக்கு என்ன நியாயம்? ராசிங்காபுரத்துக்கு என்ன நியாயம்?

காத்து கடந்து வரும் ஊருக்கு இதுபோல ஒரு பங்கு உண்டுன்னு எந்த ஒன்றியச் சட்டமும் சொல்லலை. மானாவாரி நிலம் வச்சிருந்த சம்சாரி ஒரு தடவை பத்திரம் எழுதிக் கொடுத்து, ஒரு தடவை பணம் வாங்கினதோட கதை முடிஞ்சது. அதுக்கப்புறம் இருபது, இருபத்தஞ்சு வருஷம் அந்தக் காத்தாடி சுத்தும். ஊருக்குக் கிடைப்பது சத்தமும், கனரக லாரி போய் உடைஞ்ச ரோடும்தான்.

இதுல மாநிலங்கள் ஏதாவது செய்ய நினைச்சா டெல்லி விடுமா? 2023-ல் ஒன்றிய மின்துறை எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் போட்டது. அனல், புனல், காத்து, சூரியன் எதிலிருந்து வந்தாலும் மின் உற்பத்தி மேல மாநிலங்கள் வரி போட முடியாது, போட்டா அது அரசியல் சாசனத்துக்கு விரோதம்னு. காத்து நம்மது, நிலம் நம்மது, கம்பி நம்மது. கேட்கிற உரிமை மட்டும் இல்லையாம்.

🔴 'தனியார் முதலீடு போட்டான், அவன் சம்பாதிக்கிறான்'

கமெண்ட்டில் இதைத்தான் முதல்ல எழுதுவாங்க. அதனால் நாமே பதில் சொல்லிடுறோம்.

முதலீடு போட்டது உண்மை. ஆனா முழுசா அவங்க பாக்கெட்டிலிருந்து போட்டாங்களா? காத்தாடிக்கு முதல் வருஷமே 80 சதவீதம் தேய்மானம் காட்டலாம்னு வருமான வரியில் சலுகை இருந்தது. அதாவது 10 கோடிக்குக் காத்தாடி வாங்கினா, அந்த வருஷ லாபத்தில் 8 கோடியைக் கழிச்சுக்கலாம், அதுக்கு அந்த வருஷம் வரி இல்லை. 2017 ஏப்ரலில்தான் அதை 40 சதவீதமா குறைச்சாங்க. மில் முதலாளிகள் ஏன் வரிசை கட்டி காத்தாடி வாங்கினாங்கன்னு இப்போ புரியுதா?

அடுத்தது 'பேங்கிங்'. ஆடி மாசம் காத்து பிச்சு உதறும்போது உற்பத்தி ஆகும் மின்சாரத்தை வாரியத்தோட கம்பியில் விட்டுட்டு, காத்து இல்லாத மாசத்தில் அதே யூனிட்டைத் திரும்ப எடுத்துக்கலாம். அந்த மாசத்தில் வாரியம் எங்கிருந்து கொடுக்கும்? வெளிச்சந்தையில் வாங்கித்தான். பல வருஷம் பழைய காத்தாடிகளுக்கு ஓடின ஏற்பாடு இது. காத்து நிலையில்லாதது என்கிற ரிஸ்க் வாரியத்துக்கு, லாபம் தனியாருக்கு.

சூரிய சக்தி கதை தெரியுமா? ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் அதானி குழுமத்தின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-ல் வந்தது. 2015-ல் போட்ட ஒப்பந்த விலை யூனிட் 7 ரூபாய் 1 காசு, 25 வருஷத்துக்கு. 2017-ல் தமிழ்நாட்டிலேயே 1,500 மெகாவாட்டுக்கு ஏலம் விட்டப்போ விலை 3 ரூபாய் 47 காசுக்கு வந்துடுச்சு. பாதிக்கும் கீழே! ஆனா பழைய ஒப்பந்தம் பழைய விலையில் ஓடிக்கிட்டே இருக்கு. இதில் சட்டத்தை மீறின வேலை எதுவும் இல்லை, ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிச்ச விலைதான். சட்டப்படியே இப்படி நடக்கிறதுதான் நம்ம கோபம். வெயில் இலவசம். அதை 25 வருஷத்துக்கு 7 ரூபாய்க்கு வாங்குவது நாம.

இதுக்கு அப்புறம் டிவி விவாதத்தில் உட்கார்ந்து 'விவசாயிக்குக் கொடுக்கும் இலவச மின்சாரத்தாலதான் வாரியம் திவாலாச்சு'ன்னு வாய் கூசாம சொல்றாங்க. வாரியத்தின் கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டிருச்சு. மாநிலத்தின் தேவையில் பாதிக்கு மேல வெளியே வாங்கும் மின்சாரம். 2024 மே 2-ஆம் தேதி உச்சத் தேவை 20,830 மெகாவாட். பொழுது சாய்ஞ்சதும் சோலார் படுத்துடும், அப்போ மின்சந்தையில் யூனிட் 10 ரூபாய் உச்சவரம்பு விலைக்குக் கூட வாங்க வேண்டி வரும். 23 லட்சம் சம்சாரிகளின் கிணத்து மோட்டாரைக் கை காட்டுறவங்க, இந்தக் கொள்முதல் பில்லைப் பத்தி ஒரு வார்த்தை பேசறாங்களா?

🔴 'எல்லாத்தையும் எதிர்த்தா நிலக்கரிக்கே திரும்பிப் போகலாமா?'

இது அடுத்த கமெண்ட். பதில்: மாட்டோம். காத்தாடி வேணும். சோலார் வேணும். இன்னும் நிறைய வேணும்.

நிலக்கரிக்குத் திரும்புறது என்னன்னு நெய்வேலிக்காரங்களைக் கேளுங்க. 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் கதிர் விட்ட நெல்வயலில் என்எல்சி பொக்லைன் இறக்கினதை நாடே பார்த்தது. அதே வருஷம் ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்குன்னு டெல்டாப் பக்கம் மூணு இடத்தை நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்து, எதிர்ப்பு கிளம்பினதும் பின்வாங்கினாங்க. ஒடிசா தால்ச்சரிலிருந்து ரயிலில் வந்து, பாராதீப்பில் கப்பல் ஏறி, எண்ணூரில் இறங்கும் நிலக்கரியில் எத்தனை நாளுக்கு விளக்கு எரிக்கிறது?

ஆக நாம கேட்பது 'வேண்டாம்' இல்லை. 'யாருக்காக, யாரைக் கேட்டு, என்ன பங்கு' என்பதுதான்.

இதே கேள்வியைப் பக்கத்துப் பொட்டிப்புரம் மக்கள் கேட்டாங்க. 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை 1,500 கோடி ரூபாயில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம். அது அணு உலையும் இல்லை, கழிவுக் கிடங்கும் இல்லை, ஆராய்ச்சிக்கூடம்தான். அறிவியலுக்கு நாம எதிரியும் இல்லை. ஆனா மதிகெட்டான்–பெரியாறு புலி வழித்தடத்தில், நம்ம ஓடைகள் பிறக்கும் மலையில் வெடி வைக்கும் முன்னாடி ஊர்க்காரனிடம் பேசணுமா வேண்டாமா? உயர் நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம்னு வழக்கு ஏறி, கடைசியில் 2022-ல் மாநில அரசே உச்ச நீதிமன்றத்தில் அனுமதிக்க முடியாதுன்னு சொல்ல வேண்டி வந்தது. மக்கள் வாய் திறந்ததால்தான் அது நடந்தது.

பாடப்புத்தகத்தின் 'புதுப்பிக்க முடியாதவை' பட்டியலில் நாம ஒரு பேரைச் சேர்த்துக்குவோம்: மலை. நிலக்கரி தீர்ந்தா சோலார் இருக்கு. மலை போனா அதுக்கு மாற்று இல்லை.

🔴 5 காசு கணக்கு

கோஷம் மட்டும் போட்டுட்டுப் போறவங்க இல்லை நாம. கணக்கோட வர்றோம். இன்ஜினியரிங் படிச்சுட்டு இதைக் கூடப் போடலைன்னா எப்படி?

ஒரு 2 மெகாவாட் காத்தாடி. வருஷத்துக்கு 8,760 மணி நேரம். எப்பவும் முழு வேகத்தில் சுத்தாது, சராசரியா 25 சதவீதம்னு வச்சுக்குவோம். 2,000 × 8,760 × 0.25 = 43 லட்சத்து 80 ஆயிரம் யூனிட்.

யூனிட்டுக்கு வெறும் 5 காசு அந்த ஊராட்சிக்குன்னு வச்சா, ஒரு காத்தாடிக்கு வருஷம் 2 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய். ஊராட்சி எல்லையில் பத்து காத்தாடி நின்னா கிட்டத்தட்ட 22 லட்சம். 3 ரூபாய் 47 காசுக்கு விக்கிற மின்சாரத்தில் 5 காசு என்பது ஒன்றரை சதவீதம் கூட இல்லை. எந்தக் கம்பெனியும் இதனால் மூட்டையைக் கட்டாது. ஆனா ஒரு ஊராட்சிக்கு அது கண்மாய் தூர்வாரும் பணம், பள்ளிக்கூடக் கூரையில் சோலார், காலனித் தெருவுக்குத் தண்ணித் தொட்டி.

'வரி போடக் கூடாது'ன்னு டெல்லி சொல்லுதா? சரி, வரின்னு பேர் வேண்டாம். அனுமதி கொடுக்கும்போது நிபந்தனையா எழுதுங்க. அரசுப் புறம்போக்கில் கம்பி இழுக்க, ஓடையைக் கடந்து ரோடு போட, கிரிட்டில் இணைக்க, எல்லாத்துக்கும் மாநில அரசின் கையெழுத்து வேணுமே. அந்தக் கையெழுத்துக்கு ஒரு நிபந்தனை வைக்கலாமே.

இதுக்கு இப்போதான் நேரம். 1990-களில் நட்ட 225, 250 கிலோவாட் சின்னக் காத்தாடிகள் எல்லாம் வயசாகி நிக்குது. அதுங்களைக் கழட்டிட்டு அதே இடத்தில் பெரிய காத்தாடி நிறுத்த 2024-ல் மாநில அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. அதே வருஷம் மின்வாரியத்தைப் பிரிச்சு பசுமை எரிசக்திக் கழகம்னு ஒரு நிறுவனமும் தொடங்கியாச்சு. புது ஒப்பந்தங்கள் வரப் போகுது. கையெழுத்து ஆகும் முன்னாடி கேட்டாத்தான் உண்டு. ஆன பிறகு கேட்டா கமுதி கதைதான், 25 வருஷம் காத்திருக்கணும்.

🔴 நம் கோரிக்கைகள்

1. காத்தாடி, சோலார் நிலையம் எது வந்தாலும், யூனிட்டுக்கு 5 காசு ஊராட்சிப் பங்கு. அனுமதி நிபந்தனையிலேயே எழுதணும்.

2. நிலத்தை விலைக்கு வாங்கக் கூடாது, குத்தகைக்கு எடுக்கணும். பத்திரம் சம்சாரி பேரிலேயே இருக்கட்டும், வருஷா வருஷம் வாடகை வரட்டும்.

3. பசுமை எரிசக்திக் கழகம் தரகு வேலை பார்க்க வேண்டாம். சொந்தமா காத்தாடி நிறுத்தணும். 17 மெகாவாட் என்பது வெட்கம்.

4. ஓடை, கண்மாய் வரத்துக்கால், மேய்ச்சல் புறம்போக்கு எதிலும் தூணோ ரோடோ கூடாது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து போடி வட்டாரம் வரைக்கும் வரவேண்டிய 18-ஆம் கால்வாய்த் தண்ணி நம்ம கண்மாய்களை நிரப்பணும். நிலத்தடி நீர் புதுப்பிக்கத்தக்கதா ஆவது அப்போதான்.

5. ஒன்றிய அரசின் கூரை சோலார் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நல்லது. ஆனா அதுக்குப் பேனலைத் தாங்குற சொந்தக் கூரை வேணும், கையில் மீதிப் பணமும் வேணும். தகரக் கூரைக்காரனுக்கு என்ன வழி? காலனிகளுக்குப் பொது இடத்தில் கூட்டு சோலார் அமைச்சு, பில்லில் கழிச்சுக் கொடுக்கணும்.

6. மலையில் வெடி வைக்கும் எந்தத் திட்டமும் கிராமசபை ஒப்புதல் இல்லாம நடக்கக் கூடாது.

🔴 நீங்க செய்ய வேண்டியது

இதைப் படிச்சுட்டு லைக் போட்டு நகர்ந்துடாதீங்க தோழர்களே.

தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வர்றதுக்குப் போங்க. தனியா போகாதீங்க, பத்துப் பேரைக் கூட்டிட்டுப் போங்க. ஜீப்புக்குப் போகும் அக்காமாரையும் கூப்பிடுங்க. மேலே உள்ள 1, 2, 4, 6 நாலையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, தீர்மானமா நிறைவேத்தச் சொல்லுங்க. 'எங்களுக்கு அதிகாரம் இல்லை'ன்னு சொல்லுவாங்க. அதிகாரம் இருக்கா இல்லையான்னு அப்புறம் பார்ப்போம், முதல்ல மினிட் புத்தகத்தில் எழுதுங்கன்னு சொல்லுங்க. எழுதின பக்கத்தைப் போட்டோ எடுத்து நம்ம பக்கத்துக்கு அனுப்புங்க. தேனி மாவட்டத்தில் எத்தனை ஊராட்சியில் நிறைவேறுதோ, அத்தனையையும் ஒண்ணாச் சேர்த்துச் சென்னைக்குக் கொண்டுபோறது கட்சியின் பொறுப்பு.

அடுத்த ஆடியும் வரும். அதே காத்து அதே கணவாய் வழியா வரும். அதுக்குள்ள நம்ம ஊர்த் தீர்மானம் எழுதி முடிஞ்சிருக்கணும்.

காத்து நமது! கணக்கும் நமதே!

– தகவல் தொழில்நுட்பப் பிரிவு, போடிநாயக்கனூர்

#காத்து_நமது #ஊராட்சிக்கு_5_காசு #மலையைக்_காப்போம் #தேனி